கோல்ஃப் கேள்வி பதில்: நண்பர்கள் ஆடும் சுற்று

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், மதுரையிலிருந்து பழைய நண்பர்கள் சேர்ந்து கொடைக்கானல் போய் ஆடும் சுற்றைப் பற்றியவை. ஸ்விங், கிரிப் கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன். ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கோல்ஃப் விதிகள் 2019இல் பெரிய அளவில் திருத்தப்பட்டன, 2023இல் மறுபடியும் புதுப்பிக்கப்பட்டன. அதற்கு முந்தைய புத்தகத்தை வைத்துக்கொண்டு வாதாட வேண்டாம்.

பழங்காநத்தம் வாசகர்: நாங்கள் நான்கு பேரும் கல்லூரித் தோழர்கள். ஒருவன் சென்னையில் வாரம் தவறாமல் ஆடுகிறான். மற்ற மூவரும் எப்போதாவது ஆடுகிறவர்கள். எப்போது போனாலும் அவனே ஜெயிக்கிறான், திரும்பி வரும் வழியெல்லாம் அதே பேச்சு. நியாயமாக ஆட என்ன வழி சார்?

வாரா வாரம் ஆடுகிறவர் ஜெயிக்கத்தான் செய்வார். அவரிடம் குறையில்லை. நீங்கள் போட்டி வைத்திருக்கும் முறையில்தான் குறை. நால்வரின் மொத்த ஸ்ட்ரோக்கையும் (அடிகளையும்) அப்படியே எண்ணி ஒப்பிட்டால் முடிவு முதல் டீயிலேயே (ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடம்) தெரிந்துபோகும். ஹேண்டிகேப், அதாவது திறமைக்கு ஏற்பக் கிடைக்கும் ஸ்ட்ரோக் கழிவு, இருப்பதே இதைச் சரிக்கட்டத்தான். 2020இல் உலகம் முழுவதற்கும் ஒரே ஹேண்டிகேப் முறை வந்தது. கடைசி 20 சுற்றுகளில் சிறந்த 8ஐ எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். அதில் வரும் எண், ஆடும் மைதானத்தின் கடினத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். அப்படி வருவதுதான் கோர்ஸ் ஹேண்டிகேப்.

அவருடைய கோர்ஸ் ஹேண்டிகேப் 9, உங்களுடையது 21 என்று வையுங்கள். வித்தியாசம் 12. ஸ்கோர் கார்டில் ஒவ்வொரு ஹோலுக்கும் ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் என்று 1 முதல் 18 வரை ஓர் எண் இருக்கும். அதில் 1 முதல் 12 வரை உள்ள ஹோல்களில் உங்களுக்கு ஒரு ஸ்ட்ரோக் கழிவு. அங்கே இருவரும் 5 அடித்தால் ஹோல் உங்களுக்கு.

ஹேண்டிகேப் வாங்க மொத்தம் 54 ஹோல் ஆடிய கார்டுகள் போதும், அதாவது மூன்று முழுச் சுற்று. அது கிடைக்கும்வரை, போன தடவை கார்டுகளை எடுத்துவைத்து நால்வரும் ஒப்புக்கொள்ளும் ஒரு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். அதைக் காரிலேயே, வத்தலக்குண்டு வருவதற்குள் முடித்துவிடுங்கள். முதல் டீக்கு முன் பேசாததைப் பதினெட்டாவது கிரீனில் (குழி இருக்கும் புல்தரை) பேசினால் பேச்சு சண்டையாகத்தான் முடியும். இதை இன்னும் சில இடங்களில் சொல்லப்போகிறேன்.

அப்புறம், தனித்தனியாக மோதாமல் ஜோடி மாற்றி ஆடிப் பாருங்கள். முதல் ஆறு ஹோல் ஒரு ஜோடி, அடுத்த ஆறு வேறு ஜோடி, கடைசி ஆறு மூன்றாவது ஜோடி. ஒவ்வொருவரும் மற்ற மூவரோடும் ஒரு தடவை கூட்டுச் சேர்ந்துவிடுவீர்கள். சென்னைக்காரர் ஆறு ஹோல் உங்கள் கட்சியில் இருப்பார். ஜோடியில் யாருடைய ஸ்கோர் குறைவோ அதுதான் கணக்கு. ஒருவர் சறுக்கினாலும் இன்னொருவர் தாங்கிப் பிடிப்பார். இப்படி ஜோடியாக (ஃபோர்பால்), யார் எத்தனை ஹோல் ஜெயித்தார்கள் என்று எண்ணி ஆடும் (மேட்ச் பிளே) ஆட்டத்தில் ஹேண்டிகேப்பில் 90 சதவீதம் எடுத்துக்கொள்வது பரிந்துரை. நாற்பது வருஷப் பழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் எனக்குத் தெரியவில்லை.

அண்ணா நகர் வாசகர்: ஒரு முழம் தூரத்தில் பந்து நின்றால் 'கிம்மி' என்று, குழியில் போட்டதாகவே எண்ணி எடுத்துக்கொள்கிறோம். சரியா?

மேட்ச் பிளேயில் சரி. ஆனால் அதை எதிராளிதான் கொடுக்க வேண்டும். நீங்களாக எடுக்கக் கூடாது. கொடுத்ததைத் திரும்ப வாங்கவும் முடியாது. மொத்த ஸ்ட்ரோக்கை எண்ணி ஆடும் ஸ்ட்ரோக் பிளேயில் கிம்மி என்பதே கிடையாது. பந்தைக் குழிக்குள் போடாமல் அடுத்த டீயில் அடித்துவிட்டால் போட்டியிலிருந்தே நீக்கம். நண்பர்களுக்குள் ஒரு தூரத்தை வைத்துக்கொள்வதானால், பட்டரின் (கிரீனில் பந்தை உருட்டும் கோல்) கைப்பிடி நீளமா, முழு பட்டரா என்று முதல் டீயிலேயே சொல்லிவிடுங்கள்.

எல்லிஸ் நகர் வாசகர்: மேட்ச் பிளே. என் நண்பன் அடித்த பந்து வலப்பக்க மரங்களை ஒட்டி விழுந்தது. போய்ப் பார்த்தால் காணோம். "குரங்கு தூக்கிட்டுப் போயிருச்சு மாப்ளே" என்று சொல்லி, வேறு பந்தை வைத்து அபராதம் இல்லாமல் அடித்து ஹோலை ஜெயித்தான். குரங்கு எடுத்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. இது செல்லுமா?

நின்ற பந்தைக் குரங்கு எடுத்திருந்தால் அபராதம் இல்லை. பந்து இருந்த இடத்தில் வேறு பந்தை வைத்து ஆடலாம். ஆனால் குரங்குதான் எடுத்தது என்பது தெரிந்திருக்க வேண்டும், அல்லது ஏறக்குறைய உறுதியாக இருக்க வேண்டும். 'ஏறக்குறைய உறுதி' என்பதற்கு விதியே 95 சதவீதம் என்று அளவு வைத்திருக்கிறது. மரத்தில் குரங்கு உட்கார்ந்திருந்தது என்பது அந்த அளவுக்கு வராது. நீங்கள் சொல்வது முழு விவரம் என்றால் அது தொலைந்த பந்து. ஒரு ஸ்ட்ரோக் அபராதத்தோடு, முன்பு அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் அடித்திருக்க வேண்டும்.

உசிலம்பட்டி வாசகர்: ஃபேர்வேயில் (டீக்கும் கிரீனுக்கும் நடுவே வெட்டிய புல்) காட்டு மாட்டுச் சாணி, குளம்புத் தடம். இதற்கு விலக்கு உண்டா ஐயா?

சாணியைத் தாராளமாக அப்புறப்படுத்தலாம். ஆனால் அப்போது பந்து அசையக் கூடாது. அசைந்தால் ஒரு ஸ்ட்ரோக் அபராதம், பந்தைப் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். குளம்புத் தடம் விலங்கு தோண்டிய குழி அல்ல. அந்தப் பகுதியைப் பழுதுநிலம் என்று கிளப் குறித்திருந்தால் தவிர விலக்கு கிடையாது, தடத்திலிருந்தே ஆட வேண்டும். கிரீனில் மட்டும் குளம்புத் தடத்தைச் சரிசெய்துவிட்டு பட் அடிக்கலாம்.

மாடே நின்றால் கிட்டே போகாதீர்கள். படம் எடுக்கவும் போகாதீர்கள். ஆபத்தான விலங்கு பக்கத்தில் இருந்தால் அபராதம் இல்லாமல் வேறு இடத்தில் பந்தைப் போட்டு ஆட விதியே அனுமதிக்கிறது. முழு வளர்ச்சி பெற்ற காளை ஒரு டன் எடைகூட இருக்கும். ஒரு பந்துக்காக உயிரைப் பணயம் வைக்கக் கூடாது.

திருமங்கலம் வாசகர்: மேலே போனால் பந்து அதிக தூரம் போகிறதே, கிளப் (அடிக்கும் கோல்) குறையா என் கையா?

காற்றுதான் காரணம். மதுரை கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரம்தான், கொடைக்கானல் இரண்டாயிரத்துக்கு மேல். காற்று மெலிந்திருப்பதால் பந்து எட்டு முதல் பத்து சதவீதம் வரை அதிகம் போகும். கீழே அயர்ன் கிளப்பில் 150 யார்டு போகும் பந்து அங்கே 160ஐத் தாண்டும். விடியற்காலைக் குளிரில் இந்த லாபம் கொஞ்சம் குறையும். தூரம் பார்க்கும் கருவியை வைத்துக்கொள்ளலாம். ஆனால் மேடு பள்ளத்தைக் கணக்கிடும் வசதியை அணைத்துவிட வேண்டும், அது விதிப்படி கூடாது.

மேலூர் வாசகர்: தொலைந்த பந்தை ஐந்து நிமிஷம் தேடலாம்தானே?

மூன்று நிமிஷம். 2019 முதல்.

கே.கே. நகர் வாசகி: அப்பாவுக்கு 67 வயது, ரத்த அழுத்தம் இருக்கிறது. நண்பர்கள் அழைத்துப் போகிறார்கள். விடலாமா?

இதை அவருடைய டாக்டரிடம் கேளுங்கம்மா. கேட்கும்போது இதையும் சொல்லுங்கள்: ஒரு சுற்றில் எட்டு, பத்து கிலோமீட்டர் நடை இருக்கும், அதுவும் மேடு பள்ளத்தில், உயரமான இடத்தில். ஒன்பது ஹோல் ஆடிவிட்டு நிறுத்துவதில் தவறே இல்லை. இடி கேட்டால் உடனே ஆட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள். மின்னல் ஆபத்துக்காக நிறுத்துவதற்கு அபராதம் கிடையாது. மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருக்கட்டும். ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்குமேல் மலையில் இடி சாதாரணம்.

செல்லூர் வாசகர்: கிம்மி எத்தனை அடி வரை?

அண்ணா நகர் வாசகருக்குச் சொன்னதுதான். முதல் டீயில் பேசுங்கள்.

எல்லிஸ் நகர் கேள்வியில் வரும் நண்பர்: அந்தப் பந்து வெட்டிய புல்லில்தான் நின்றது. எங்கள் கேடி (கிளப் பை தூக்கி வருபவர்) கண்ணால் பார்த்தார். அங்கிருந்து குரங்கு ஓடியதையும் பார்த்தார். வேறு எங்கே போயிருக்கும் என்று சொல்லுங்கள் சார்!

இது பெரிய மாற்றம். ஒளியவே இடமில்லாத புல்லில் பந்து நின்றதும், அங்கிருந்து குரங்கு ஓடியதும் பார்க்கப்பட்டிருந்தால் 95 சதவீதத்தை எட்டிவிடும். அப்படியானால் நீங்கள் ஆடியது சரி.

விளாங்குடி வாசகர்: நால்வரில் குறைந்த ஹேண்டிகேப் உள்ளவன் மற்றவர்களுக்கு எத்தனை ஸ்ட்ரோக் கொடுக்க வேண்டும்?

பழங்காநத்தம் பதிலைப் படியுங்கள். எழுதுமுன் மேலே ஒரு தடவை பார்த்துவிட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

எல்லிஸ் நகர் வாசகர், மறுபடி: கேடி பார்த்ததாகச் சொன்னதே ஆட்டம் முடிந்து சாப்பிடும்போதுதான். தேடும்போது மூச்சு விடவில்லை. இதை மட்டும் அவன் எழுதவில்லை பாருங்கள்.

அப்படியானால் தீர்ப்பு திரும்புகிறது. தேடும் அந்த மூன்று நிமிஷம் முடிந்த பிறகு வரும் தகவலை விதி கணக்கில் எடுப்பதில்லை. கேடி பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் காலம் கடந்து வந்தது. மூன்று நிமிஷம் முடிந்தபோது அது தொலைந்த பந்துதான்.

ஆனால் உங்களிடமும் ஒரு கேள்வி. அடுத்த ஹோலின் டீயில் அடிப்பதற்கு முன் ஆட்சேபித்தீர்களா? மேட்ச் பிளேயில் அதற்குள் தீர்ப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் அடுத்த ஹோலை ஆடத் தொடங்கிவிட்டால் முந்தைய ஹோலின் முடிவு அப்படியே நிற்கும்.

அதே நால்வரில் மூன்றாமவர், திருப்பாலையிலிருந்து: இவன் கேட்கவில்லை சார். முகத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த டீக்கு நடந்தான், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்திலிருந்தே இரண்டு பேரும் இப்படித்தான். ஜூனில் மறுபடி போகிறோம். இதே சண்டை வராமல் இருக்க என்ன செய்ய?

அப்படியென்றால் ஹோல் பந்தைத் தொலைத்தவருக்கே. அந்த ஆட்டத்தின் முடிவு மாறாது. இனி அதை எழுதி அனுப்ப வேண்டாம்.

ஜூனுக்கு இது: பந்து மரங்கள் பக்கம் போனால், தேடப் போவதற்கு முன் அதே இடத்திலிருந்து ஒரு புரொவிஷனல் (தற்காலிக) பந்தை அடித்துவிடுங்கள். முதல் பந்து கிடைக்காவிட்டால் மலையில் திரும்ப ஏறி வர வேண்டியதில்லை, இரண்டாவதை வைத்துத் தொடரலாம். ஆனால் 'புரொவிஷனல்' என்று எதிராளி காதில் விழும்படி சொல்லிவிட்டு அடிக்க வேண்டும். சொல்லாமல் அடித்தால் அந்த இரண்டாவது பந்தே ஆட்டப் பந்தாகிவிடும். முதல் பந்து ஃபேர்வே நடுவில் கிடந்தாலும் அதை ஆட முடியாது.