தாத்தாவின் கொரியப் படங்கள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் தாத்தா, இந்திய ராணுவத்தின் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவில் சிப்பாயாகக் கொரியப் போருக்குச் சென்றவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் கிடைத்த 14 புகைப்படங்களை முன்னும் பின்னுமாக ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறேன். ஒரு படத்தில் வானம் நிறையப் பாராசூட்டுகள் தெரிகின்றன. 1951இல் தென்கொரியாவின் முன்சான்-னியில் குதித்த 12 இந்தியர்களில் தாத்தாவும் ஒருவர், இது அந்தக் காட்சிதான் என்று வீட்டில் சொல்வார்கள். அதைப் பெரிதாக்கி, 'கொரியாவில் தாத்தா குதித்தபோது' என்று எழுதி எங்கள் ஊர் நூலகத்துக்குத் தர விரும்புகிறோம். அப்படி எழுதலாமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். போரில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி ரயில் ஓட்டினோம் என்று தாத்தா அடிக்கடி சொல்வார். நாங்கள் சிரித்துக்கொண்டே கேட்போம். அதற்குப் படம் எதுவும் இல்லை.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ரயிலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நீங்கள் சிரித்த அந்தக் கதை உண்மை. 1950 நவம்பரில் பூசான் துறைமுகத்தில் இறங்கிய அந்தப் பிரிவு, சில வாரங்களிலேயே பியோங்யாங்கிலிருந்து பின்வாங்க வேண்டியதாயிற்று. சீனப் படைகள் நெருங்கிக்கொண்டிருந்தன; பிரிவிடம் போதிய வண்டிகள் இல்லை; மருத்துவச் சாமான்களை அப்படியே விட்டுவிட்டு வந்தால் அதன்பின் அவர்களால் சிகிச்சை என்று எதுவும் செய்திருக்க முடியாது. அப்போது கேட்பாரற்று நின்ற ஒரு நீராவி எஞ்சினையும் சில பெட்டிகளையும் கண்டுபிடித்து, வரிசையாக நின்று வாளிகளைக் கைமாற்றிக் கொதிகலனை நிரப்பி, சாமான்களை ஏற்றித் தாங்களே ஓட்டிக்கொண்டு தெற்கே வந்து சேர்ந்தார்கள். அந்த வரிசையில் உங்கள் தாத்தா எந்த இடத்தில் நின்றார் என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவர் அளந்து விடவில்லை. இதை உங்கள் வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள்.

இனி வானத்துப் படம். பிரிவின் தளபதியான லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் 12 பேர் கொண்ட அறுவை சிகிச்சைக் குழு, 1951 மார்ச் 23 அன்று, அமெரிக்காவின் 187ஆவது வான்வழிப் படையினரோடு முன்சான்-னியில் குதித்தது. ரங்கராஜ், 1941இல் முதன்முதலாகப் பாராசூட்டில் குதித்த இரண்டு இந்தியர்களில் ஒருவர். கொரியாவில் ஆற்றிய பணிக்காக மகாவீர் சக்ரா பெற்றவர். பிற்காலத்தில் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்பில் உழைத்தவர். அவரோடு குதித்தவர்களில் உங்கள் தாத்தாவும் ஒருவராக இருந்திருக்கலாம். ஆனால் இந்தப் படம் அதைச் சொல்லவில்லை.

படத்தின் இடது மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரட்டை வால் கொண்ட விமானம் ஒன்று தெரிகிறது. அது சி-119. முன்சான்-னியில் அந்த விமானம் பயன்பட்டது உண்மைதான். ஆனால் 1954 முதல் இந்திய விமானப் படையிடமும் 'பாக்கெட்' என்ற பெயரில் அதே விமானம் இருந்தது. ஆக்ராவில் நம் பாராசூட் வீரர்கள் அதிலிருந்துதான் ஆண்டுக்கணக்கில் குதித்துப் பழகினார்கள். உங்கள் தாத்தா கொரியாவிலிருந்து திரும்பிய பிறகும் பாராசூட் பிரிவிலேயே இருந்தார் என்றால், இது ஆக்ரா வானமாகவும் இருக்கலாம். படத்தின் பின்பக்கமோ வெறுமையாக இருக்கிறது.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1971 டிசம்பர் 11 அன்று, லெப்டினன்ட் கர்னல் கே. எஸ். பன்னு தலைமையில் 2ஆவது பாராசூட் பட்டாலியன், கிழக்குப் பாகிஸ்தானின் டாங்கைல் அருகே குதித்தது. மைமன்சிங்கிலிருந்து டாக்காவுக்குப் பின்வாங்கிய பாகிஸ்தான் படையை மறிக்க, பூங்லி பாலத்தைப் பிடிப்பது நோக்கம். அந்தச் செய்தியோடு உலகப் பத்திரிகைகளில் வந்த புகைப்படத்திலும் வானம் நிறையப் பாராசூட்டுகள் இருந்தன. ஆனால் அது டாங்கைலில் எடுத்ததல்ல, அதற்கு முன்பு ஆக்ராவில் நடந்த பயிற்சியின் படம். பாதுகாப்பு அமைச்சகத்தின் செய்தித் தொடர்பு அதிகாரி ராமமோகன் ராவ் அதை வெளியிட்டார். குதித்தது ஒரு பட்டாலியன். படத்தைப் பார்த்தவர்களோ பல பட்டாலியன்கள் சேர்ந்த ஒரு முழு பிரிகேடே இறங்கிவிட்டதாக நம்பினார்கள். போர் நடக்கும்போது ராணுவம் அப்படிச் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நூலகச் சுவரில் பள்ளிப் பிள்ளைகள் பார்க்கப்போகும் படத்தின் அடியில், உறுதியாகத் தெரியாததை எழுதக் கூடாது.

நான் தேர்ந்தெடுப்பதாக இருந்தால், நீங்கள் கடிதத்தில் குறிப்பிடாமலே விட்ட ஒன்பதாவது படத்தைத்தான் எடுப்பேன். பஞ்சு வைத்துத் தைத்த கனத்த கோட்டு அணிந்த ஒல்லியான இளைஞர், ஸ்ட்ரெச்சரில் கிடப்பவருக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, ஒரு கையில் குளுக்கோஸ் பாட்டிலை உயர்த்திப் பிடித்திருக்கிறார். பாட்டிலைத் தொங்கவிடக் கம்பியோ கொக்கியோ அங்கே இல்லை. அவருடைய கைதான் கம்பி. பின்பக்கத்தில் பென்சிலால் 'விக்ருதி பங்குனி' என்று தமிழில் எழுதியிருக்கிறது. விக்ருதி வருடத்துப் பங்குனி என்றால் 1951 மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை. முன்சான்-னியில் குதித்த நாள் அதற்குள்தான் வருகிறது. குதித்தாரோ இல்லையோ, அந்த மாதத்தில் அவர் என்ன வேலை செய்தார் என்பதை அவருடைய கையெழுத்தே சொல்லிவிட்டது. அந்தப் பிரிவு மூன்று ஆண்டுகளுக்கு மேல் கொரியாவில் செய்ததும் இந்த வேலையைத்தான். ஒரு பகுதி காமன்வெல்த் படையோடு போர்முனையிலும், மற்றொரு பகுதி டேகு நகரில் கொரியப் பொதுமக்களுக்காகவும் இயங்கியது. பெண்களும் குழந்தைகளும் இருக்கும் உங்கள் 11, 12ஆம் படங்கள் டேகுவில் எடுத்தவையாக இருக்கலாம் என்பது என் ஊகம், அவ்வளவுதான்.

குதித்தாரா என்பதற்கு விடை வேண்டுமானால், பாட்டியின் குடும்ப ஓய்வூதியத் தாள்களில் தாத்தாவின் ராணுவ எண் இருக்கும். அதைக் குறிப்பிட்டு, லக்னோவில் உள்ள ராணுவ மருத்துவப் படையின் ஆவணக் காப்பகத்துக்குப் பாட்டியின் கையொப்பத்தோடு விண்ணப்பியுங்கள். பதில் வரும்வரை வானத்துப் படத்தின் அடியில் 'தாத்தாவின் பெட்டியில் இருந்தது. இடமும் நாளும் தெரியவில்லை' என்று மட்டும் எழுதினால் போதும்.

படங்களை ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள், அந்தப் பென்சில் எழுத்து போய்விடும். ஸ்ட்ரெச்சரில் இருப்பவரின் தோளுக்கு அருகே இன்னொருவரின் கை மட்டும் தெரிகிறது. அது யாருடையது என்று தாத்தா எப்போதாவது சொன்னாரா என்று பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள்.