பாறை வரைபடம் பார்த்து போர் போடலாமா?

கேள்வி: காங்கேயம் அருகே எங்களுக்கு நான்கு ஏக்கர் தோட்டம். பக்கத்துத் தோட்டத்தில் 1,000 அடி துளைத்தும் புழுதிதான் பறந்தது. அரசின் பாறை வரைபடத்தை நம்பி நாங்கள் போர் போடலாமா? குடிக்கவும் அந்த நீர்தான்.

பதில்: வரைபடத்தைப் பாருங்கள், அதை மட்டும் நம்பிப் பணத்தை இறக்காதீர்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வரைபடங்கள் பூகோஷ் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1:50,000 அளவில் ஒரு சென்டிமீட்டர் என்பது அரை கிலோமீட்டர். உங்கள் தோட்டம் முழுவதும் ஒரு மிளகுக்குள் அடங்கிவிடும். அடியில் இருப்பது நைஸ் (gneiss) எனும் வரிவரியான பாறையா, சிவன்மலையைப் போல சயனைட் (syenite) எனும் வேறு வகைப் பாறையா என்பது தெரியும். வெடிப்பு எங்கே என்பது தெரியாது. நம் பக்கத்துக் கல் தனக்குள் நீரைத் தேக்காது. மேலே மக்கிய பகுதியிலும் கீழே வெடிப்புகளிலும்தான் நீர்.

தோட்டத்தில் பழைய கிணறு இருந்தால் அதுவே முதல் சாட்சி. வற்றிய கோடையில் மேலிருந்தே சுவரைக் கவனியுங்கள்: மக்கிய பாறை எத்தனை அடி, வெள்ளைக்கல் பட்டை எந்தத் திசையில் ஓடுகிறது, கசிந்த தடம் எந்தப் பக்கம்? அந்தப் பட்டைகள் எளிதில் விரிசல் விடும். அவற்றின் ஓரம் துளைத்துப் பார்க்கத் தகுந்த இடம்.

பிறகு மின்தடை ஆய்வு: தரையில் கம்பி விரித்து மின்சாரம் செலுத்தி, அடியில் உள்ளது அதை எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பது. நீர் ஊறிய மக்கிய பாறையில் மின்தடை சில பத்து ஓம்-மீட்டர் (இந்தத் தடையை அளக்கும் அலகு). உடையாத கல்லில் ஆயிரத்தைத் தாண்டும். களிமண்ணும் குறைவாகவே காட்டும் என்பதால் கிணற்றுச் சுவரோடு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும். ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன்: தரையில் நீட்டிய மொத்தக் கம்பி நீளத்தில் மூன்றில் அல்லது நான்கில் ஒரு பங்கு ஆழம்தான் இம்முறைக்கு எட்டும். நூறு மீட்டர் கம்பியை விரித்துவிட்டு "850 அடியில் ஊற்று" என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

குடிநீர் என்றீர்களே, என் பெரிய கவலை அதுதான். அரசின் புவிவேதியியல் ஆய்வு, அதாவது நிலத்திலுள்ள வேதிப்பொருள்களை அளக்கும் ஆய்வு, பெரும்பாலும் ஓடை மணலைச் சோதிப்பது. உங்கள் போர் நீரைப் பற்றி அது பேசாது. பாறையிலுள்ள கருப்பு மைக்கா, அப்படைட் போன்ற கனிமங்களிலிருந்து, அளவு மிகுந்தால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு நீரில் கரைகிறது. கால்சியம் குறைந்த நீரில் அது ஏறும். ஆகவே சோப்பு நன்றாக நுரைக்கும், உப்புக் கரிக்காத நீரிலும் ஃபுளோரைடு மிகுந்திருக்கலாம். சுவையில் தெரியாது, காய்ச்சினாலும் போகாது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் கிடைக்காதபோது 1.5 வரை ஏற்கலாம். குழந்தைகளுக்குக் கொடுக்கும் முன்பே குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சோதித்துவிடுங்கள். மழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை.