கத்தரியில் குருத்துப்புழுவும் காய்ப்புழுவும்: வலுவான மருந்தால் தீருமா?

கேள்வி

யாழ்ப்பாணத்துப் புத்தூர்ப் பகுதியில் நான்கு பரப்புத் தோட்டத்தில் கத்தரி வைத்திருக்கிறேன். தை மாதக் கடைசியில் நட்டது. ஒரு மாதத்தில் குருத்துகள் வாடித் தொங்கத் தொடங்கின. இப்போது ஆய்கின்ற காய்களில் அரைவாசிக்குக் கிட்டத் துளை விழுந்திருக்கிறது. நாலைந்து நாளுக்கு ஒருமுறை இரண்டு மருந்துகளைக் கலந்து அடிக்கிறேன். புழு குறையவில்லை. அதோடு வெண் ஈயும், இலையின் கீழ்ப்பக்கத்தில் சிவப்புச் சிற்றுண்ணியும் புதிதாகப் பெருகிவிட்டன. இதைவிட வலுவான மருந்து எது? அயல் தோட்டக்காரர் பயிரைப் பிடுங்கிவிடச் சொல்கிறார். பிடுங்கத்தான் வேண்டுமா?

பதில்

ஐயா, பயிரைப் பிடுங்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் கேட்கின்ற வலுவான மருந்து என்று ஒன்றை என்னால் எழுதித் தர முடியாது. இந்தப் புழுவை மருந்தின் வலுவால் வெல்ல முடியாதென்பதே அதற்குக் காரணம். ஒருகாலத்தில் வலுவுக்குப் பெயரெடுத்த மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் ஆகியவை 1995இலும் எண்டோசல்பான் 1998இலும் இலங்கையில் தடைசெய்யப்பட்டன. அவை தாராளமாகக் கிடைத்த காலத்திலும் கத்தரித் தோட்டங்களில் இந்தப் புழு இருந்துகொண்டுதான் இருந்தது.

குருத்தை வாட்டுவதும் காயைத் துளைப்பதும் ஒரே புழுதான். லூசினோடெஸ் ஓர்போனாலிஸ் என்ற சிறிய வெள்ளை அந்துப்பூச்சியின் புழு அது. தாய்ப்பூச்சி இரவில் பெரும்பாலும் இலையின் கீழ்ப்பக்கத்தில் தனித்தனியாக முட்டையிடும். அதன் ஆயுள் ஒரு வாரமளவுதான் என்றாலும் அதற்குள் இருநூறுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டுவிடக்கூடியது. மூன்று முதல் ஆறு நாளில் முட்டை பொரிக்கும். பொரித்த புழு சில மணி நேரத்துக்குள் அருகிலுள்ள குருத்தையோ, பூவையோ, பிஞ்சையோ துளைத்து உள்ளே போய், போன வழியைத் தன் கழிவால் அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு ஏறத்தாழ இரண்டு வாரம் அது வெளியே வராது. நீங்கள் தெளிக்கின்ற மருந்து இலையிலும் காயின் தோலிலும் படிந்திருக்க, புழு அதற்குள்ளே பத்திரமாக இருந்து தின்கிறது. மருந்து அதைப் பிடிக்கக்கூடிய நேரம், பொரித்ததற்கும் துளைத்ததற்கும் இடைப்பட்ட அந்தச் சில மணி நேரம் மட்டுமே. தோட்டத்தில் நாள்தோறும் முட்டைகள் பொரித்துக்கொண்டிருப்பதால் எந்த நாளில் அடித்தாலும் சிறு பங்குதான் சாகும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காயில் நீங்கள் காணும் பெரிய துளை, புழு உள்ளே போன துளை அன்று, வளர்ந்து முடிந்து வெளியேறிய துளை. உள்ளே போன இடம் ஊசி முனையளவு வடுவாகத் தழும்பிப் போயிருக்கும். ஆகவே பெரிய துளை விழுந்த காயை மட்டும் பொறுக்கி எறிகின்றவர் அநேகமாகப் புழு விட்டுப்போன வெறும் காயையே எறிகிறார். அந்தப் புழு அதற்கு முன்னரே இறங்கி, உதிர்ந்த இலைகளுக்கிடையிலோ அடித்தண்டை ஒட்டியோ கூடு கட்டியிருக்கும். இன்னும் ஏழு முதல் பத்து நாளில் பூச்சியாகப் பறக்கும். எங்கள் வெயிலில் முட்டையிலிருந்து பூச்சி வரை மூன்று நான்கு வாரம் போதும்.

வெண் ஈயும் சிற்றுண்ணியும் பெருகியதற்குக் காரணம் பெரும்பாலும் நீங்கள் அடித்த கலவைதான். உங்கள் கலவையில் பைரித்திரொயிட் வகை மருந்து ஒன்று இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். சிற்றுண்ணியைத் தின்கின்ற இரைகௌவிச் சிற்றுண்ணிகளையும் வெண் ஈயின் மேல் முட்டையிடும் குளவிகளையும் இவ்வகை மருந்துகள் முதலில் அழித்துவிடுவதால், மருந்து அடிக்க அடிக்கச் சிற்றுண்ணி கூடுவது உலகம் முழுவதும் கண்டறியப்பட்ட ஒன்று. கத்தரிப் புழுவுக்கும் அப்படியோர் எதிரி உண்டு. திரத்தலா பிளேவோஓர்பிட்டாலிஸ் என்ற மெல்லிய குளவி, புழு ஒளிந்திருக்கும் துளைக்குள் தன் முட்டையிடும் உறுப்பை விட்டுப் புழுவின் உடலில் முட்டை வைக்கிறது. இலங்கைக் கத்தரித் தோட்டங்களில் இயற்கையாகவே இருக்கும் இந்தக் குளவியை எமது நாட்டு ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். மருந்து எட்டாத இடத்தில் எட்டக்கூடியது அது ஒன்றுதான். நாலைந்து நாளுக்கு ஒருமுறை மருந்து விழுகின்ற தோட்டத்தில் அது உயிரோடு இருக்க வழியில்லை.

குளவி என்ன செய்துவிடும் என்ற ஐயம் உங்களுக்கு வரலாம். 2008இல் பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி நாட்டுக்குள் வந்து பப்பாசியையும் மரவள்ளியையும் மூடியதை நினைத்துப் பாருங்கள். மருந்தால் அதை அடக்க முடியவில்லை. 2009இல் தருவித்து விடப்பட்ட, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவிலான ஒட்டுண்ணிக் குளவிகளே அதை அடக்கின. கத்தரிக்கு வெளிநாட்டிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டியதில்லை. இருப்பதைக் கொல்லாமல் விட்டாலே போதும்.

இனிச் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். முதலில் கலவை மருந்தை நிறுத்துங்கள். அடுத்து, இன்றே தொடங்கி, கிழமைக்கு ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கி, வாடிய குருத்து அனைத்தையும் வெட்டுங்கள். வாடிய பகுதிக்குக் கீழே நல்ல தண்டில் ஓர் அங்குலம் சேர்த்து வெட்ட வேண்டும். வெட்டு வாயில் துளை தெரிந்தால் புழு இன்னும் கீழே இருக்கிறது, தண்டு நிறைவாகத் தெரியும் வரை இறக்கி வெட்டுங்கள். கிழமைக்கு ஒருமுறை என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புழு குருத்துக்குள் இருப்பது இரண்டு வாரமளவு. ஏழு நாள் இடைவெளி தவறாமல் வெட்டினால், இந்தச் சுற்றில் வாட்டம் தெரியாமல் தப்பிய புழு அடுத்த சுற்றில் வெளியேறுவதற்கு முன் அகப்பட்டுவிடும். இடைவெளி பத்து, பன்னிரண்டு நாளாக நீண்டால் வளர்ந்த புழுக்கள் மண்ணுக்கு இறங்கிவிடும், நீங்கள் வெட்டுவது வெறும் தண்டாகப் போகும். வெட்டினால் விளைச்சல் குறையுமோ என்று அஞ்ச வேண்டாம். வாடிய குருத்து எப்படியும் காய்க்காது. வெட்டிய இடத்துக்குக் கீழே பக்கக் கிளைகள் விடும். நான்கு பரப்புக்கு இருவர் காலை வேளையில் இதைச் செய்து முடிக்கலாம். காலையில் வாடியிருக்கும் குருத்து புழுக் குத்திய குருத்து என்பது உறுதி. மத்தியானத்தில் வெயில் வாட்டமும் கலந்துவிடுவதால் ஆள் ஏமாறுவார்.

வெட்டியவற்றை வரம்பில் போடாதீர்கள். எங்கள் தோட்டங்களில் நான் அடிக்கடி காணும் குறை இதுதான். குருத்து காய்ந்ததும் உள்ளிருக்கும் வளர்ந்த புழு இறங்கிப்போய்க் கூடு கட்டிவிடும். துளை விழுந்த காய்களைக் கிணற்றடியில் குவித்து வைப்பதும் அவ்வாறே. அந்தக் குவியலிலிருந்துதான் அடுத்த மாதப் பூச்சி வருகிறது. குருத்தையும் பழுதான காயையும் தடித்த பொலித்தீன் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி, நல்ல வெயிலில் சில நாள் வைத்தால் உள்ளிருக்கும் புழு வெந்துவிடும். முழங்கை ஆழத்துக்குக் குறையாமல் தாட்டாலும் சரி. ஊசித் துளைபோன்ற வடு உள்ள காய்களையும் ஆயும்போதே பிரித்துவிடுங்கள். செடியடியில் உதிர்ந்த இலைகளைக் கிழமைக்கு ஒருமுறை கூட்டி அள்ளுங்கள். பழைய கத்தரித் தடிகளை அடுப்புக்கென்று வேலியோரம் அடுக்கி வைத்திருந்தால் அதையும் எரித்துவிடுங்கள். உங்களுடையதில் இல்லாவிட்டால் அயல் வளவில் இருக்கிறதா என்று பாருங்கள், ஏனெனில் பூச்சிக்கு வேலி தெரியாது.

பிடுங்கச் சொன்ன அந்த அயலவரிடமே நீங்கள் பேச வேண்டியிருப்பதும் இதனால்தான். தாய்ப்பூச்சி வெகுதூரம் பறப்பதில்லை, ஆனால் அடுத்த தோட்டத்துக்குப் பறக்கும். நீங்கள் மட்டும் வெட்டி, அவர் வெட்டாமல் விட்டால் உங்கள் உழைப்பில் பாதி வீண். ஒரே கிணற்றில் இறைக்கின்ற நாலைந்து தோட்டக்காரர் ஒரே கிழமையில் வெட்டத் தொடங்கினால் பலன் தெளிவாகத் தெரியும். கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் இதை எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் பிரிவின் விவசாயப் போதனாசிரியரை அந்தக் கூட்டத்துக்கு அழைப்பதும் நல்லது.

ஆண் பூச்சிகளைக் கவரும் பெரமோன் பொறி கிடைத்தால் கட்டாயம் வையுங்கள். பெண் பூச்சி விடும் மணத்தைச் செயற்கையாகச் செய்து வைப்பதே இந்தப் பொறி. இதன் வேதியியலில் 1980களில் இலங்கை ஆய்வாளர்களுக்கும் பங்கு உண்டு. நான்கு பரப்பு ஏறத்தாழ 1000 சதுர மீற்றர், பத்து மீற்றருக்கு ஒன்றாக வைத்தால் பத்துப் பொறி போதும். செடியின் உச்சி மட்டத்துக்குக் கட்டி, செடி வளர வளர உயர்த்த வேண்டும். கவரும் குப்பியை ஒரு மாதமளவில் மாற்றுங்கள். பொறி மட்டும் போதாது. ஆண்களில் ஒரு பகுதியையே அது பிடிக்கும், தப்பிய ஓர் ஆண் பல பெண்களுடன் சேரும். ஆனால் பொறியில் விழும் பூச்சியின் தொகை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை நாட்குறிப்பில் எழுதி வந்தால், அடுத்த வாரம் என்ன வரும் என்பதை முன்கூட்டியே அறியலாம்.

வேப்பங்கொட்டைக் கரைசலை நான் விரும்பிப் பரிந்துரைக்கிறேன். எங்கள் ஊரில் ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிர்ந்து வீணாகின்றது. கொட்டையைக் கழுவி நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். லீற்றருக்கு 50 கிராம் பருப்பு என்ற அளவில் இடித்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, துணியில் வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து, வெயில் தாழ்ந்த பின் இலையின் கீழ்ப்பக்கம் நனையத் தெளியுங்கள். வெயிலில் அதன் வீரியம் விரைவில் கெடுவதால் காலையில் அடிப்பதைவிடப் பின்னேரம் அடிப்பது மேல். உள்ளே போய்விட்ட புழுவை இது கொல்லாது. முட்டையிட வரும் பூச்சியைத் தயங்கச் செய்யும், வெண் ஈயின் குஞ்சுகளைக் குறைக்கும்.

இவ்வளவும் செய்து நான்கு வாரம் கழிந்த பிறகும் ஆய்கின்ற காய்களில் பத்தில் ஒன்றுக்கு மேல் பழுதாக இருந்தால், அப்போது மருந்தை நினைக்கலாம். இது என் அனுபவத்தில் வைத்திருக்கும் எல்லை. அப்போதும் எமமெக்ரின் பென்சோவேற், ஸ்பினோசாட், குளோரன்ரனிலிப்புரோல் போன்றவற்றில், கத்தரிக்கெனப் பதிவுபெற்றதாக ஒன்றைப் போதனாசிரியரிடம் கேட்டுத் தெரிந்தெடுத்துத் தனியாக அடியுங்கள், கலக்க வேண்டாம். மருந்துகளை அவை பூச்சியைக் கொல்லும் விதத்தைக் கொண்டு செயற்பாட்டுத் தொகுதிகளாகப் பிரித்து எண் இட்டிருக்கிறார்கள். இவை முறையே 6, 5, 28 என்ற வெவ்வேறு தொகுதிகளைச் சேர்ந்தவை. ஒரே தொகுதியைத் திரும்பத் திரும்ப அடித்தால் புழு அதற்குப் பழகிவிடும். பெயர் மாறினாலும் தொகுதி மாறாத மருந்துகள் கடையில் பல உண்டு, ஆகவே பெயரைப் பார்க்காமல் தொகுதி எண்ணைக் கேளுங்கள். லேபிளில் அடித்ததற்கும் ஆய்வதற்கும் இடையே விட வேண்டிய நாள் எழுதப்பட்டிருக்கும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை அடித்து, நாலைந்து நாளுக்கு ஒருமுறை ஆய்கின்ற உங்கள் இப்போதைய முறையில் அந்த இடைவெளி பேணப்பட்டிருக்க முடியாது. மருதனார்மடச் சந்தையிலும் திருநெல்வேலிச் சந்தையிலும் அந்தக் காயை வாங்கிப் போகிறவர்கள் எங்கள் மக்கள்.

இதைச் சொல்லும்போது கிணற்றையும் சொல்லாமல் விட முடியாது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. குடிப்பதும் இறைப்பதும் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கிய மழைநீரையே. அந்தக் கல்லில் வெடிப்பும் பொந்தும் இருப்பதால் மேலே ஊற்றியது வடிகட்டப்படாமல் கீழே இறங்கும். அளவுக்கு மீறிய பசளையால் எங்கள் வலிகாமப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, குடிநீருக்கு ஏற்ற லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பது ஆய்வுகளில் கண்ட உண்மை. மருந்துத் தாங்கியைக் கிணற்றுக் கட்டில் வைத்துக் கழுவுவதை இன்றோடு நிறுத்துங்கள். கழுவிய நீரைப் பயிருக்கே தெளித்துவிடலாம்.

சிற்றுண்ணிக்கு, மருந்தை நிறுத்திய பின் இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் பாருங்கள். மிகக் கூடினால் நனையும் கந்தகத்தைப் பின்னேரத்தில் அடிக்கலாம், கடும் வெயிலில் அடித்தால் இலை கருகும், வேப்பெண்ணெய் அடித்த கையோடும் அடிக்கக் கூடாது. வெண் ஈக்கு வேப்பங்கொட்டைக் கரைசலே போதும். யூரியாவைக் குறைத்துப் பிரித்துப் போடுங்கள், கொழுத்த இளந்தளிர் எல்லாப் பூச்சிக்கும் விருப்பமானது.

உங்கள் பயிர் இரண்டு மாதப் பயிர்தான். ஒழுங்காக வெட்டி வந்தால் இன்னும் நெடுநாள் ஆயலாம். ஆனால் ஆய்ந்து முடிந்ததும் மறுதாம்புக்கு, அதாவது அடிக்கட்டை மீண்டும் துளிர்த்துக் காய்க்க, விடாமல் வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். அந்த நிலத்தில் அடுத்த போகம் கத்தரியோ உருளைக்கிழங்கோ தக்காளியோ வைக்காமல் வெங்காயம் அல்லது பயறு வையுங்கள். உருளைக்கிழங்கிலும் இந்தப் புழு பிழைக்கும். திருநெல்வேலி ஊதா உட்பட எங்களிடம் உள்ள எந்த இனமும் இந்தப் புழுவை முழுமையாகத் தாங்காது என்பதால், இனத்தை மாற்றினால் போதும் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். அடுத்த கத்தரிக்கு நாற்றுமேடையைப் பழைய கத்தரித் தோட்டத்துக்குத் தூரமாகப் போட்டு, நுண்ணிய நைலோன் வலையால் மூடி வளர்த்து, நடுகின்ற அன்று ஒவ்வொரு நாற்றின் குருத்தையும் பார்த்து, வாடியதை ஒதுக்கிவிட்டு நடுங்கள்.