பள்ளித் தோழியும் நானும் வேறு வேறு வாழ்க்கைக்குப் போய்விட்டோம். இந்த நட்பு இனி நிலைக்குமா?

கேள்வி கேட்டவர் தன் நிலைமையையும் எழுதியிருக்கிறார். தோழிக்குக் கல்யாணமாகிக் குழந்தைகள் இருக்கிறார்கள். இவருக்கு வேலை, தனி வாழ்க்கை. போனில் பேசினால் ஐந்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடுகிறது. இது தானாக முடிந்துபோகும் நட்பா, இல்லை காப்பாற்ற வழி இருக்கிறதா என்று கேட்கிறார்.

எனக்கு 54 வயது. என் தோழியை 9 வயதிலிருந்து தெரியும். நடுவில் 7 வருடம் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். அவள் பெயரை எழுதவில்லை. ஆனால் அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் இதைப் போடுகிறேன்.

பள்ளியில் ஒரே பெஞ்சில் 8 வருடம் உட்கார்ந்தோம். கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார். நாளுக்கு ஆறு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த 200 மணி ஒன்றரை மாதத்தில் முடிந்திருக்கும். சிறு வயது நட்பு இவ்வளவு ஆழமாக இறங்குவதற்கு இதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வயதில் நேரத்தைத் தேட வேண்டியதில்லை, யாரோ ஒருவர் நமக்கு முன்னால் கொட்டி வைத்திருக்கிறார். ஒருத்தி வீட்டில் முந்தின நாள் ராத்திரி நடந்த சண்டை, ஜுரத்தில் கிடக்கும் தம்பி, தொலைந்துபோன பேனா மூடி, எல்லாமே முதல் மணி அடிப்பதற்குள் மற்றவளுக்குத் தெரிந்துவிடும்.

அவளுக்கு 20 வயதில் கல்யாணம் ஆனது. எனக்குப் படிப்பு முடிந்து 24இல் பாலம் கட்டும் வேலை கிடைத்தது. சைட் மாறிக்கொண்டே இருக்கும் வேலை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்கு மூன்று குழந்தைகள். ஆரம்ப வருடங்களில் கடிதம், அப்புறம் அவள் வீட்டுத் தொலைபேசி. அந்த எண் எனக்கு மனப்பாடம்.

எப்போது தேய ஆரம்பித்தது என்று என்னால் சரியாகச் சொல்ல முடியும். பெரிய செய்திகளை மட்டும் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தபோது. "இரண்டாவது பையன் பள்ளியில் சேர்ந்துவிட்டான்." "எனக்குப் பதவி உயர்வு." இதையெல்லாம் யாரிடமும் சொல்லலாம், எல்லோரிடமும் சொல்லித்தான் ஆகிறோம். பேனா மூடி தொலைந்த கதைதான் காணாமல் போயிற்று. அவளுக்கு இருக்கிற வேலையில் என் சைட் கதை எதற்கு என்று நான் விட்டேன். இவள் பெரிய வேலையில் இருக்கிறாள், என் வீட்டுப் பாட்டை எதற்குச் சொல்வது என்று அவள் விட்டாள். இரண்டு பேருமே அக்கறையில் செய்ததுதான். கேள்வி கேட்டவரே, ஐந்து நிமிடத்தில் உங்கள் பேச்சு தீர்வதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

என் 38ஆவது வயதில் அவள் அப்பா இறந்துபோனார். நான் உடனே போகவில்லை. 16 நாள் கழித்துப் போனேன். "வேலை இருந்தது" என்று மட்டும் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. முகம் கொடுத்துப் பேசினாள், வழியனுப்பினாள். அதற்கப்புறம் நானும் கூப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது பேசியிருக்கலாம். எங்களுக்குள் அப்படி எதுவும் நடக்கவில்லை.

அந்த 7 வருடத்தில் எத்தனையோ முறை கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். குறுஞ்செய்தியையும் அடித்து அடித்து அழித்திருக்கிறேன். இவ்வளவு நாள் கழித்து என்ன காரணம் சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எனக்கு மட்டும்தான் இந்தத் தயக்கம் என்று நினைத்திருந்தேன். லாரா அக்னின், ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ரம் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது மனம் கொஞ்சம் இளகியது. தொடர்பு விட்டுப்போன பழைய நண்பருக்கு ஒரு செய்தி அனுப்பச் சொல்லி, எழுத நேரமும் கொடுத்திருக்கிறார்கள். விருப்பம் இருந்தது, தொடர்பு விவரமும் கையில் இருந்தது. அப்படியும் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்கள்தான் அனுப்பினார்கள். முன்பின் தெரியாத ஒருவரிடம் பேச எவ்வளவு தயங்குவார்களோ, ஏறக்குறைய அவ்வளவு தயக்கம் பழைய நண்பரிடமும் இருந்ததாம்.

எனக்கு 45 வயதில் ஒரு பெரிய அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. முந்தின நாள் மருத்துவமனையில் படிவம் நிரப்பக் கொடுத்தார்கள். அவசரத்துக்கு யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று ஒரு கட்டம். கை தானாக ஓர் எண்ணை எழுதிவிட்டது. பார்த்தால் அவள் வீட்டுப் பழைய தொலைபேசி எண். போட்டுப் பார்த்தேன், அப்படி ஓர் எண்ணே உபயோகத்தில் இல்லை. அவள் தம்பியின் எண் எங்கோ குறித்து வைத்திருந்தது ஞாபகம் வந்தது. அவனைப் பிடித்து அவளுடைய புது எண்ணை வாங்கிக் கூப்பிட்டேன்.

நான்தான் பேசுகிறேன் என்று சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எங்கடி இருக்கே?"

ஏழு வருடம் ஏன் பேசவில்லை என்று கேட்கவில்லை. எங்கே இருக்கிறாய் என்று மட்டும் கேட்டாள். நான் சொன்னேன்.

அறைக்கு மாற்றியபோது கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் இருந்தாள். வீட்டுக்கும் கூடவே வந்தாள். மொத்தம் ஒன்பது நாள். அது இனிமையாகப் போனது என்று எழுதினால் பொய். அவள் விடிவதற்கு ரொம்ப முன்னால் எழுந்து விளக்கைப் போடுவாள். என் சமையலறையில் பாத்திரங்களை எல்லாம் இடம் மாற்றி வைத்தாள். தனியாகவே இருந்து பழகியவள் நான், வாயை மூடிக்கொண்டு பொறுத்துக்கொண்டேன்.

ஆனால் இன்னொன்றைக் கவனித்தேன். ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவள் எழுந்துவிடுவாள். அலாரம் எதுவும் கிடையாது. எழுந்து வந்து என் கட்டிலருகே நின்று பார்ப்பாள், போர்வையைச் சரி செய்வாள், போய்ப் படுப்பாள். மறுபடி இரண்டு மணி நேரம். நான்காவது ராத்திரி, "ஏண்டி இப்படி எழுந்துக்கறே, எனக்கு ஒண்ணும் ஆகாது, தூங்கு" என்றேன்.

"பழக்கம்" என்றாள். அப்புறம் விளக்கைப் போடாமலே சொல்ல ஆரம்பித்தாள்.

அவள் மாமியார் 6 வருடம் படுத்த படுக்கையாக இருந்திருக்கிறார். அசைய முடியாதவரை ஒரே பக்கமாகப் படுக்க வைத்தால் படுக்கைப்புண் வந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியிலும். பகலில் யாராவது கை கொடுப்பார்கள். ராத்திரியில் அவள் ஒருத்திதான். ஆறு வருடம் அவள் ஒரு ராத்திரி கூட முழுசாகத் தூங்கவில்லை. மாமியார் போய் 2 வருடம் ஆகியும் உடம்பு அந்தக் கணக்கை விடவில்லை.

"அப்பதான் ஒரு நாள் போன்ல நீ சொன்னே, நீ வீட்லதானே இருக்கே, உனக்கென்ன அவசரம்னு."

நான் அப்படிச் சொன்னது எனக்கு நினைவே இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன் என்று தெரிந்தது, அது என் வாயில் வரக்கூடிய வார்த்தைதான். நானும் என் மனதில் கிடந்ததைச் சொன்னேன். ஒரு முறை சைட்டில் விபத்து நடந்து, பல நாள் விசாரணைக்கு அலைந்து, யாரிடமும் சொல்ல முடியாமல் இவளைக் கூப்பிட்டேன். சோர்வாக இருக்கிறது என்றுதான் ஆரம்பித்தேன். அதற்கு அவள், "உனக்கென்னடி, ஒத்த ஆளு" என்றாள். நான் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். இது அவளுக்கு நினைவில்லை.

இருட்டில் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தோம். ஒருத்தி மறந்தே போன ஒரு வரியை இன்னொருத்தி வருடக்கணக்காகச் சுமந்திருக்கிறாள். இரண்டு பேருமே.

அப்புறம் அவள் அப்பா இறந்த நாளைப் பற்றிச் சொன்னேன். அன்று பாலத்தின் மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தோம். ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது. இரண்டு ராத்திரி, ஒரு பகல், அங்கே பொறுப்பில் இருந்தவள் நான்.

"நிறுத்தினா என்ன ஆகும்?" என்று கேட்டாள். இருபது வருடத்தில் என் வேலையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. முன்னால் போட்டது இறுகிவிடும், அதன்மேல் புதிதாகப் போடுவது சரியாகப் பிடிக்காது, பிற்காலத்தில் அந்த இடத்தில் தண்ணீர் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும் என்று சொன்னேன். வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கலாம் என்பதையும் சொன்னேன். அதற்கு அப்போது எனக்குத் துணிச்சல் இல்லை. கான்கிரீட் முடிந்த பிறகும் வராமல் நாளைக் கடத்தியது வெட்கத்தால்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடி" என்றாள். கோபமாக இல்லை.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தோம். நான் சைட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு நின்றுகொண்டிருந்த அந்த வருடங்களில், அவளும் இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஒரு போன் போட்டிருந்தால் எடுத்திருப்பாள்.

திருக்குறளில் நட்பு அதிகாரத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு இரண்டு அதிகாரம் தள்ளி 81ஆவதாகப் 'பழைமை' என்று ஒன்று இருக்கிறது. அது முழுக்கப் பழைய நட்பைப் பற்றியது. அதில் 805ஆவது குறள்: "பேதைமை ஒன்றோ பெருங்கிழமை என்றுணர்க நோதக்க நட்டார் செயின்." நண்பர் நாம் நோகும்படி ஒன்று செய்தால், அறியாமல் செய்தார் அல்லது மிகுந்த உரிமையால் செய்தார் என்று எடுத்துக்கொள் என்கிறது. எங்கள் விஷயத்தில் அது வெறும் அறியாமை. அவளுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று எனக்குத் தெரியாது, என் ஒரு நாள் அவளுக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் நாங்களாக ஒன்றைக் கற்பனை செய்து நிரப்பிக்கொண்டோம். அவள் கற்பனையில் நான் சுதந்திரமாகத் திரிந்தேன். என் கற்பனையில் அவள் நிம்மதியாக வீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

அன்றிலிருந்து 9 வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுகிறோம். எங்களுக்குள் ஒரே ஒரு ஏற்பாடு. "என்ன விசேஷம்?" என்று கேட்பதில்லை. "நேத்து காலைல எழுந்ததுலேர்ந்து சொல்லு" என்போம். எத்தனை மணிக்கு எழுந்தாய், முதலில் எதைச் செய்தாய், எங்கே எரிச்சல் வந்தது, மத்தியானம் தூங்கினாயா. சொல்ல ஒன்றுமே இல்லை என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் போகும். ராபின் டன்பர், சாம் ராபர்ட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பள்ளி முடித்துப் பிரிந்துபோன 30 மாணவர்களை 18 மாதம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பையன்களின் நட்பு சேர்ந்து ஏதாவது செய்வதால் நிலைத்தது, பெண்களின் நட்பு பேச்சால் நிலைத்தது என்று கண்டார்கள். 30 பேரை வைத்து உலகத்துக்கே விதி சொல்ல முடியாதுதான், எங்கள் வரைக்கும் அது சரி.

எல்லாப் பழைய நட்பையும் இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு முறை பேசிய பிறகும் உங்களைச் சிறுமைப்படுத்தியதுபோல இருந்தால் விட்டுவிடுங்கள். நீங்கள் எழுதியிருப்பதில் அப்படி எதுவும் இல்லை. பேச ஒன்றும் இல்லை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை அவள் குழந்தைகள் நலமா என்று கேட்காமல், நேற்று அவள் நாள் எப்படிப் போனது என்று மணிக்கு மணி சொல்லச் சொல்லுங்கள். உங்கள் நாளையும் அப்படியே சொல்லுங்கள். அவளுக்குப் புரியாது என்று எதையும் வடிகட்ட வேண்டாம். முதல் இரண்டு மூன்று முறை சங்கடமாக இருக்கும், எங்களுக்கும் இருந்தது.

இதை எழுதி முடித்து நேற்று அவளுக்குப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னாள்.

"ஒன்பது நாள் இல்லடி, பதினொரு நாள். உன்ன அறைக்கு மாத்தறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் வெளியில பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். நீதான் கண்ணே தொறக்கலியே."