மலை மறைந்தது, புள்ளி நின்றது

கேள்வி: மலையும் கட்டடமும்கூட ரேடார் அலையைத் திருப்பி அனுப்புமே. நகரும் பொருளை மட்டும் எப்படிப் பிரித்தறிகிறார்கள்?

பதில்: கழித்தல் கணக்குதான். ரேடார் ஒரே திசையில் அடுத்தடுத்து துடிப்புகளை, அதாவது குட்டி குட்டி அலைக் கொத்துகளை, அனுப்பும். மலையின் எதிரொலி ஒவ்வொரு முறையும் அப்படியே வரும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் பூஜ்யம். நகரும் பொருளின் எதிரொலியில் அலையின் கட்டம் (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது) மாறியிருக்கும், அதனால் மிச்சம் நிற்கும். முதன்முதலாக இந்தக் கணக்கை நானே எழுதி ஓட்டியபோது திரையை அடைத்திருந்த மலை மறைந்து, ஒரு புள்ளி மட்டும் நகர்ந்தது. அந்தச் சிலிர்ப்பு இன்னும் போகவில்லை!

சரி, இதில் ஓட்டையே இல்லையா? உண்டு. அலைநீளம் 3 செ.மீ., நொடிக்கு 1000 துடிப்பு என்று வையுங்கள். ரேடாரை நோக்கி நொடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி, இரண்டு துடிப்புக்கு நடுவே சரியாக அரை அலைநீளம் நகரும். அலை போய்வரும் பாதையில் அது ஒரு முழு அலைநீளம். கட்டம் பழைய இடத்துக்கே வந்துவிடும், வண்டியும் மலையோடு சேர்ந்து அழிந்துபோகும். இதற்குக் குருட்டு வேகம் என்று பெயர். துடிப்புகளின் இடைவெளியை மாற்றி மாற்றி அனுப்பினால் தப்பிக்கலாம். எனக்குப் பிடித்த தந்திரம் இது.

அப்புறம், காற்றில் ஆடும் மரக்கிளைகூட நகரும் பொருள்தான். அதை வடிகட்டுவது தனிப் பாடு.