பட்டறைக் கேள்விகள்: வெடித்த மேசையும் குறைந்த கன அடியும்

ஐந்தடிக்கு மூன்றடி அளவில் மாமரத்தில் சாப்பாட்டு மேசை செய்து கொடுத்தோம். மேற்பலகையைச் சட்டத்தின் மேல் ஃபெவிகால் போட்டு உட்கார்த்தி, அடியிலிருந்து ஸ்குரூவும் முடுக்கினோம். மேசை ஏசி அறையில் இருக்கிறது. ஆறு மாதத்தில் நடுவில் இரண்டு நூல் (கால் அங்குலம்) அகலத்துக்கு வெடித்துவிட்டது. பசை சரியில்லையா? பிளவை எதை வைத்து அடைப்பது?
வாசகர், தென்காசி

பசையின் மேல் பழி போடுவதற்கு முன் பிளவை உற்றுப் பாருங்கள். இணைப்புக் கோட்டில் விலகாமல் பக்கத்து மரமே கிழிந்திருந்தால் பசை தன் வேலையைச் செய்திருக்கிறது என்று அர்த்தம். தப்பு, பலகையை அசையவிடாமல் கட்டிப்போட்டதில்தான்.

மரம் நீளவாக்கில் சுருங்குவது கணக்கில் சேராது. அகலவாக்கில்தான் சுருங்கும், விரியும். தேக்கிலேயே ஈரம் நூற்றுக்கு 4 இறங்கினால் 36 அங்குல அகலம் கால் அங்குலம் வரை குறையும். மா அதற்குக் குறைந்ததல்ல. உங்கள் மேசையில் குறுக்கே போகிற மூன்றடிச் சட்டத்துக்கு அந்த மூன்றடி நீளவாக்கு, அதனால் சட்டம் அப்படியே நிற்கிறது. ஏசி அறையில் ஈரம் இறங்குவதால் மேலே இருக்கும் பலகை சுருங்கப் பார்க்கிறது. இரண்டு ஓரத்தையும் ஸ்குரூ பிடித்துக்கொண்டால் நடுவில் கிழிவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

பிளவில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்காதீர்கள். ஈரம் ஏறிப் பலகை விரியும்போது அந்த அடைப்பே ஆப்பாக நின்று வேறு இடத்தில் பிளக்கும். ஸ்குரூவை எல்லாம் கழற்றி, சட்டத்தில் ஒட்டியிருக்கும் பசையை மெல்லிய தகட்டால் விடுவித்து, பலகையை அதே அறையில் பத்து நாள் காற்றாட வையுங்கள். பிறகு பிளவின் வழியே நெடுக்காக அறுத்து, இரண்டு விளிம்பையும் இழைத்து மறுபடி ஒட்டுங்கள். ஒன்பது அங்குலத்துக்கு ஒரு கிளாம்ப், ஒன்று மேலே ஒன்று கீழே என்று மாற்றி மாற்றி. ஒரே பக்கம் போட்டால் பலகை கூனிக்கொள்ளும். அகலத்தில் அரை அங்குலம் போகும், அதை வாடிக்கையாளரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

இனி பலகையைச் சட்டத்தில் மரக்கொக்கியால் பிடியுங்கள். சட்டத்தின் உள்முகத்தில், மேல் விளிம்பிலிருந்து அரை அங்குலம் விட்டு, இரண்டு நூல் அகலத்தில் மூன்று நூல் ஆழத்துக்கு ஒரு காடி (நீளப் பள்ளம்) ஓட்டுங்கள். முக்கால் அங்குலக் கட்டையில் அந்தக் காடிக்குள் நுழைகிற நாக்கு விட்டுக் கொக்கி செதுக்குங்கள். நாக்கின் மேல்முகத்துக்கும் கொக்கியின் மேல்முகத்துக்கும் இடைவெளி அரை அங்குலத்துக்குக் கால் நூல் குறைவாக இருக்கட்டும். அந்தக் கால் நூல்தான் முடுக்கும்போது பலகையைக் கீழே இழுத்து உட்கார்த்தும். நார் ஓட்டம் நாக்கின் நீளத்தோடு போக வேண்டும். குறுக்கே போனால் முதல் முடுக்கிலேயே நாக்கு ஒடிந்து கையில் வரும். பலகை ஓர் அங்குலக் கனம் என்றால் ஒன்றே கால் அங்குல ஸ்குரூ போதும்.

நெடுக்குச் சட்டங்களில் பக்கத்துக்கு நான்கு. அங்கே கொக்கியின் தோளுக்கும் (நாக்கு தொடங்கும் இடம்) சட்டத்துக்கும் நடுவே ஒரு நூல் சந்து விடுங்கள். குறுக்குச் சட்டங்களில் பக்கத்துக்கு மூன்று. அங்கே கொக்கி காடியோடு பக்கவாட்டில் நகரும் என்பதால் காடி முழு நீளத்துக்கும் ஓட வேண்டும். நடுக்கொக்கியை மட்டும் நகராமல் பிடித்துவிட்டால் ஆட்டம் இரண்டு பக்கமும் சமமாகப் பிரியும். எந்தக் கொக்கிக்கும் பசை வேண்டாம்.

இன்னொன்று: மேல்முகத்துக்கு எத்தனை கோட் பாலிஷோ அடிமுகத்துக்கும் அத்தனை. யாரும் பார்க்காத பக்கம் என்று விட்டால் அந்தப் பக்கம் மட்டும் ஈரத்தை ஏற்றி இறக்கி, பலகையைத் தட்டு மாதிரி வளைத்துவிடும்.

டிப்போவில் 10 கன அடி என்று பில் போட்ட தேக்கு உருட்டு (அறுக்காத உருண்டை மரம்), மில்லில் அறுத்த பிறகு ஆறரை கன அடி பலகைதான் வந்தது. ஏமாந்துவிட்டேனா?
வாசகர், திருமங்கலம்

பலகைக் கணக்கை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. உருட்டை அளக்கும் வழக்கம் இது: நடுவில் நூல் சுற்றி எடுத்த சுற்றளவில் கால் பங்கை அங்குலத்தில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தின் அடியால் பெருக்கி, 144ஆல் வகுப்பது. 48 அங்குலச் சுற்று, 10 அடி நீளம் என்றால் 12 × 12 × 10 ÷ 144 = 10 கன அடி. அந்த உருட்டின் உண்மையான கன அளவு ஏறக்குறைய 12.7. நூற்றுக்கு 21 பங்குக்கு மேல் புறணிக்கும் அறுப்புக்கும் என்று கணக்கிலேயே கழிந்துவிடுகிறது. அதற்கு மேலும் சேதம் உண்டு. ஒவ்வோர் அறுப்புக்கும் ரம்பம் ஒரு நூலாவது தின்னும். எல்லாவற்றையும் முக்கால் அங்குலப் பலகையாக அறுத்திருந்தால் மரத்தூளாகவே நிறையப் போயிருக்கும். வெள்ளையை (வெளிப்புற இளமரம்) கழித்து வைரம் (உள்மரம்) மட்டும் எடுத்தால் இன்னும் குறையும். ஆறரை வந்தது மோசமில்லை.

ஏமாற்று நடக்கிற இடம் நூல் சுற்றுகிற இடம். அதே உருட்டைத் தூர்ப்பக்கம் (பருத்த அடிப்பக்கம்) 54 அங்குலம் என்று அளந்தால் 13.5 × 13.5 × 10 ÷ 144, அதாவது 12.66 கன அடி. நூலை அரைப் பாகம் நகர்த்தியதில் இரண்டரைக் கன அடிக்கு மேல் காசு. அளக்கும்போது கூடவே நில்லுங்கள், பட்டை உரித்த பிறகு அளக்கச் சொல்லுங்கள்.

வாகைப் பலகையை எந்தப் பக்கமிருந்து இழைத்தாலும் செதில் செதிலாகப் பெயர்கிறது.
வாசகர், புதுக்கோட்டை

வாகையில் நார் ஒரு பட்டை இப்படியும் அடுத்த பட்டை அப்படியும் ஓடும். திசை மாற்றிப் பயனில்லை. உளித்தகட்டை 25 பாகையில் சாணை பிடித்து, நுனியை மட்டும் எண்ணெய்க்கல்லில் 30 பாகைக்குத் தீட்டுங்கள். உளித்தகட்டின் மேல் இன்னொரு தகடு (மேல்தகடு) இருக்கிற இழைப்புளியாக இருந்தால், அந்த மேல்தகட்டை உளித்தகட்டின் முனையிலிருந்து அரை மில்லிமீட்டருக்குள் கொண்டு வாருங்கள். சுருள் எழுந்ததும் முறிந்துவிடும், அடிமரத்தைப் பிடித்து இழுக்காது. சீவல் வெங்காயத் தோல் கனத்துக்கு மேல் வரக் கூடாது. கடைசிக் கை சுரண்டிக்கு. பழைய ரம்பத் தகட்டில் ஒரு துண்டு வெட்டி விளிம்பைத் தீட்டினாலே போதும். உடைந்த கண்ணாடியை விட அது நெடுநேரம் உழைக்கும், கையையும் கிழிக்காது.

ஐப்பசியில் அரக்கு பாலிஷ் போட்ட அலமாரி பால் தெளித்த மாதிரி வெளுத்துவிட்டது.
வாசகர், சீர்காழி

அரக்கைக் கரைத்த ஸ்பிரிட் ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பு குளிர்கிறது. மழைக்காற்றின் ஈரம் அங்கே படிந்து அரக்குக்குள் மாட்டிக்கொள்கிறது. சுரண்ட வேண்டாம். வெயில் அடிக்கிற ஒரு நடுப்பகலில், ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த துணிப்பொட்டணத்தால் நிற்காமல் லேசாக இழுத்துவிட்டால் வெளுப்பு போய்விடும். பொட்டணம் ஒரே இடத்தில் நின்றால் பாலிஷே கரைந்து வந்துவிடும். அடுத்த கோட்டுக்கு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 180 கிராம் அரக்குக்கு மேல் போடாதீர்கள். போன வருஷம் கரைத்து வைத்தது டப்பாவில் மிச்சமிருந்தால் கொட்டிவிடுங்கள், அது பிசுபிசுப்போடே நிற்கும்.