புகையில் வந்த கண்ணீர்

அன்புள்ள அண்ணா,

கோவையில் விஸ்காம் மூன்றாம் வருடம் படிக்கிறேன். எச்.பி.ஓ. என்ற அமெரிக்கச் சேனலில் வந்த ‘ரியல் ஸ்போர்ட்ஸ்’ நிகழ்ச்சியின் சில பகுதிகளைப் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. விளையாட்டுக்குப் பின்னால் இருக்கிற மனிதர்களின் கதையைத் தமிழ்த் தொலைக்காட்சியில் ஏன் யாரும் அப்படிச் சொல்வதில்லை? கடைசி செமஸ்டர் படத்துக்காகப் பொள்ளாச்சிப் பக்கம் ஓர் ஓட்டக்காரப் பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒழுகும் வீடு, கூலிக்குப் போகும் அம்மா. படத்துக்கு ‘கண்ணீர்த் தடம்’ என்று பெயர். போனில் எடுத்தால் போதுமா, கேமரா வாடகைக்கு எடுக்க வேண்டுமா? ஸ்கிரிப்ட் இணைத்துள்ளேன்.

(பெயர் வேண்டாம்), கோவை

அன்புள்ள தம்பி,

போனே போதும். தமிழில் ஏன் வருவதில்லை என்பதற்கும் பெரிய ஆராய்ச்சி வேண்டாம், ஒளிபரப்பு உரிமைக்காக விளையாட்டு வாரியத்துக்குக் கோடிக்கணக்கில் கொட்டிய சேனல் அதே வாரியத்தின் பீரோவைத் திறந்து பார்க்குமா? விடுங்கள்.

ஸ்கிரிப்டைப் படித்தேன். ஏழு பக்கத்தில் அந்த அம்மா நான்கு தடவை அழுகிறார். ஓர் அதிகாரிகூட வரவில்லை, ஒரு ரூபாய்க் கணக்குகூட இல்லை. எரிச்சல்தான் வந்தது. உங்கள் மேல் பாதி, மீதி இருபது வருடப் பழையது.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு ஜில்லாதான், ஆனால் வீட்டிலும் சந்தையிலும் தமிழ், பள்ளிக்கூடத்தில் டிரில் மாஷ் மட்டும் மலையாளத்தில் திட்டுவார். பெரியப்பா மகள், எனக்கு அக்கா, 1500 மீட்டர் ஓடுவாள். மாநில மீட்டில் மூன்றாவதாக வந்த வருடம் ஒரு சேனலிலிருந்து ஜீப்பில் நான்கு பேர் வந்தார்கள். வந்தவர்கள் முதலில் செய்த காரியம், பெரியம்மாவின் கேஸ் அடுப்பை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்ததுதான். பெரியப்பா சித்தூர் ஆலையில் ஓவர்டைம் பார்த்து வாங்கிய அடுப்பு, மேலே ஒரு பூப்போட்ட துணி எப்போதும் மூடியிருக்கும். பின்கட்டில் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேகவைக்கிற கல் அடுப்பில் கஞ்சி வைக்கச் சொன்னார்கள். மழைக்காலம், ஈர விறகு. பெரியம்மா ஊதுகுழலை வைத்து ஊது ஊதென்று ஊதியும் புகைதான் வந்தது. கண்ணைத் துடைக்கப் போனவளை, “துடைக்க வேண்டாம் சேச்சி” என்றார் கேமராக்காரர்.

அக்காவோ, கேட்ட கேள்விக்கெல்லாம் நன்றாகத்தான் பேசினாள். மீட்டுக்குப் போனபோது ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் கக்கூஸ் ஓரமாக உட்கார்ந்து ராத்திரி முழுக்க விழித்துக்கொண்டு போனது, மறுநாள் காலையிலேயே ஹீட்ஸ் என்கிற தகுதிச் சுற்று ஓடியது, பேட்டா வவுச்சரில் தொகை எழுதாமலே கையெழுத்து வாங்கிக்கொண்டு கையில் பாதியைக் கொடுத்தது, எல்லாவற்றையும் சொன்னாள். ஒளிபரப்பானபோது பக்கத்து வீட்டு டிவியில் இருபது பேர் கூடிப் பார்த்தோம். வவுச்சர் இல்லை, ரயில் இல்லை. வயலின் இசையோடு பெரியம்மாவின் புகைக் கண்ணீர்தான் இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் ஆயிரம் ரூபாய் மணியார்டர் அனுப்பினார். பெரியப்பா அதைத் திருப்பி அனுப்பிவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

உங்களைத் தூங்கவிடாத நிகழ்ச்சிக்கே வருகிறேன். 2004-ல் அவர்கள் ஐக்கிய அரபு எமிரேட்ஸின் ஒட்டகப் பந்தயத்தைப் பற்றி எடுத்தது நினைவிருக்கிறதா? பாகிஸ்தான், வங்கதேசம், சூடான் என்று எங்கிருந்தெல்லாமோ கொண்டுவரப்பட்ட சின்னப் பிள்ளைகள், எடை ஏறக் கூடாதென்று பட்டினி. ரகசியக் கேமராவோடு பாலைவன முகாமுக்குள் போனார்கள். அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் கல்லும் கரையும்தான், ஆனால் கரைந்ததோடு நிற்கவில்லை, இவனை ஒட்டகத்தின் மேல் ஏற்றி வைத்தது யார், அந்த ஒட்டகம் யாருடையது என்று கேட்டுக்கொண்டே மேலே போனார்கள். 2005-ல் அந்த நாடு சிறுவர்களை ஏற்றத் தடை போட்டது, யுனிசெப் உதவியோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வீடு திரும்பினார்கள், இன்றைக்கு அங்கே ஒட்டகத்தின் முதுகில் சின்ன ரோபோ உட்கார்ந்திருக்கிறது. தடை அந்த ஒரு நிகழ்ச்சியால் மட்டும் வந்ததென்று சொல்லமாட்டேன், மனித உரிமைக்காரர்கள் பல வருடம் கத்தியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கேமரா பிள்ளையின் முகத்தோடு திரும்பிப் போய்விடவில்லை, அல்லவா?

நாம் என்ன செய்தோம்? புதுக்கோட்டைப் பக்கத்துச் சாந்தி சௌந்தரராஜன் 2006-ல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். பின்னால் அவர் செங்கல் சூளையில் வேலை செய்தபோது கேமராக்கள் அங்கே வந்தன, செங்கல் சுமப்பதை எடுத்தன. எடுக்கட்டும், தப்பில்லை, அதனால் நாலு பேர் கவனத்துக்கு வந்தது என்றும் சொல்வார்கள். ஆனால் டாக்டர் அறைக்குள் இருக்க வேண்டிய ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய அறிக்கை எப்படி நாடு முழுக்கச் செய்தியானது? யார் வாயிலிருந்து வந்தது? எந்த விதி அதை அனுமதித்தது? அவருக்கு முதலில் சொன்னார்களா, நிருபருக்கு முதலில் சொன்னார்களா? அவர் பக்கம் பேச ஒரு வக்கீலையாவது ஏற்பாடு செய்தார்களா? சூளை வரைக்கும் பஸ் பிடித்துப் போகத் தெரிந்தவர்களுக்கு விளையாட்டுச் சங்கத்தின் டெல்லி ஆபீஸுக்கு வழி தெரியாதா? இதைச் சொன்னால் “மனிதக் கதைதானே சார் கேட்டோம், இது நிர்வாகக் கதை” என்பார்கள். அந்த அறிக்கையை வெளியே விட்டவன் மனிதன் இல்லையா? அவன் கதையும் மனிதக் கதைதான். அவன் வீட்டுக்கும் போங்கள், அவன் அடுப்பையும் எடுங்கள்.

சரி, கோபித்துக்கொள்ளாதீர்கள். தூக்கம் வராத பையன் என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன், இல்லையென்றால் “வாழ்த்துகள்” என்று ஒரு வரியோடு முடித்திருப்பேன். ‘கண்ணீர்த் தடம்’ என்ற பெயரை முதலில் தூக்கிப் போடுங்கள். அப்புறம் பொள்ளாச்சிப் பெண்ணிடம் அழ வைக்கிற கேள்வி எதுவும் கேட்காமல், கடைசி மீட்டுக்கு எப்படிப் போனாய், எங்கே படுத்தாய், என்ன சாப்பிட்டாய், எதிலெல்லாம் கையெழுத்துப் போட்டாய் என்று கேளுங்கள். அவள் சொன்னதை எடுத்துக்கொண்டு, கையெழுத்து வாங்கிப் பணம் கொடுத்தவரிடம் போங்கள். அவர் பேச மறுத்தால், சாத்திய கதவை எடுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உக்கடத்தில் பஸ் ஏறி வேலந்தாவளம் வழியாக வாருங்கள். அக்கா இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள், டிவிக்காரர் என்றால் பேசமாட்டாள், மாணவர் என்றால் பேசுவாள். அந்த வவுச்சரின் நிறம்கூட அவளுக்கு நினைவிருக்கிறது. பெரியம்மா டீ போடுவாள், கேஸ் அடுப்பில்தான். போனைப் பையிலேயே வைத்திருங்கள்.